ஊரார் காட்டுக்கு விளையும் கை

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில், விதைப்பு என்றால் முதல் பிடியைக் கண்டவர்கள் போட மாட்டார்கள். கைராசி உள்ள ஆளைக் கூப்பிட்டு, உழவு விட்ட முதல் சாலில் ஒரு பிடி விதையை விடச் சொல்வார்கள். பிறகுதான் மற்ற பெண்கள் மடியைக் கட்டிக்கொண்டு ஏருக்குப் பின்னால் இறங்குவார்கள். எழுபதுகளில் நான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனேன். போன முதல் புரட்டாசியிலேயே அந்தக் கை என் கை என்று ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று இன்று வரை எனக்கே பிடிபடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பக்கத்துக் காட்டு மதினிக்குக் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்திருந்தது. சொந்த மதினி இல்லை. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணே என்று கூப்பிடப் போய், அவர் மதினியானார். எங்கள் காட்டில் சோளம் விதைத்த கையோடு, நடக்க முடியாத மதினிக்காக அவர்கள் காட்டிலும் நானே விதை விட்டேன். அன்று சாயங்காலமே மழை. அவர்கள் சோளம் ஆள் உள்ளே போனால் தெரியாத உயரத்துக்கு வளர்ந்து கதிர் பிடித்தது. அதே விதை, அதே மழை, அதே கை. எங்கள் சோளம் இடுப்பைத் தாண்டவில்லை.

"நம்மது சரளைக்காடு. மேடு வேற. தண்ணி எங்க நிக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர். அது எனக்கும் விளங்கியது. ஆனால் கிணற்றடியில் பேச்சு வேறு பக்கம் போனது.

"அந்தப் புள்ள கை ஊருக்கு வெளையிற கைடி. தன் வீட்டுக்கு வெளையாது" என்றாள் ஒருத்தி.

"அப்பிடிப்பட்ட கைதான் ஊருக்கு வேணும்" என்றாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே இன்னொருத்தி.

புகழ்கிறார்களா, பாவம் பார்க்கிறார்களா? ஒன்றும் தெரியாமல் நான் சிரித்து வைத்தேன்.

அடுத்த புரட்டாசியில் வீட்டுக்கு வீடு அழைப்பு. விளைந்த காட்டில் என் கை விளைய வைத்தது என்றார்கள். விளையாத காட்டில், விதைக்கிற நேரம் மாடு படுத்துவிட்டது என்றார்கள், எதிரே யாரோ தும்மினார்கள் என்றார்கள். என்னை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

அறுவடை ஆனதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சோளமோ குதிரைவாலியோ கொண்டுவந்து என் முறத்தில் கொட்டுவார்கள். கேட்டு வாங்கியது இல்லை. ஆனால் எங்கள் அடுப்பு எரிந்தது அதில்தான். என் வீட்டுக்காரர் ஒருநாள் சோளச்சோற்றைப் பிசைந்துகொண்டே, "இது யாரு காட்டுச் சோளம்?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாள் கேட்டபோது நான் குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எண்பது பிறந்த பிறகு ஒரு புரட்டாசியில், மதுரையில் ஆனையூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் காவலுக்கு ஆள் வேண்டும் என்று தகவல் வந்தது. ஆலைக்குப் பின்னால் தங்க ஓர் அறை. வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். என் வீட்டுக்காரருக்கு அப்போதே கால் நிலத்தில் நிற்கவில்லை. எனக்குத்தான் குழப்பம். இங்கே சொந்தக் காடு சோறு போடவில்லை, ஆனால் ஊர் முழுக்க என் கையைத் தேடியது. அங்கே சோறு உண்டு. என்னைத் தேட யார் உண்டு? இருப்போம் என்று காலையில் நினைப்பேன். தண்ணீர் எடுத்து வருவதற்குள் போவோம் என்று நினைப்பேன். கடைசியில் சோறு இருக்கிற பக்கம் போவது என்று முடிவானது.

வியாழக்கிழமை காலையில் மதினி வந்து வாசலில் நின்றார். "ஏத்தா, போறது போற. ஒரு பிடி போட்டுட்டுப் போ."

"மண்ணுல ஈரமே இல்லையே மதினி."

"புழுதியிலயே போடு. மழை வாரப்ப வரட்டும்."

அண்ணன் ஏரை நிறுத்திக்கொண்டு சிரித்தார். "மழை வராட்டி எறும்பு அறுவடை பண்ணிட்டுப் போகுது. நீ போடுத்தா."

காடு காடாகப் போனேன். சுடுகிற புழுதியில் ஒவ்வொரு காட்டிலும் ஒரு பிடி. கடைசியில் எங்கள் காடு. அதை அண்ணனிடம் வாரத்துக்கு விட்டிருந்தோம். விளைவதில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. விதையைக் கையில் அள்ளினேன், சாலுக்குக் கை நீளவில்லை.

"மதினி, இது என் கைக்கு ஆகாது. நீங்க போடுங்க."

"அடி இவளே, எனக்கு ஏது கைராசி?"

"அதான் போடுங்கங்கிறேன்."

மதினி பயந்துபோய்ச் சாமி கும்பிட்டுக்கொண்டு, பிடியில் பாதியைச் சாலிலும் பாதியைத் தன் காலிலும் போட்டார். அன்றே அவர் வீட்டு முருங்கையில் ஒரு கொம்பை வெட்டிக் கொடுத்தார். மறுநாள் பஸ்ஸில் அதைப் பார்த்த கண்டக்டர், "இவருக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றார். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர்.

ஆலை முற்றத்தில், எங்கள் அறைக்குப் பக்கத்தில் அந்தக் கொம்பை ஊன்றினேன். ஒரு வாரத்தில் மழை பிடித்தது. ஐப்பசி முழுக்க விடவில்லை. நெல் காயவைக்க முடியாமல் ஆலைக்காரர் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஊர்க்காடுகளை நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்தேன். சரியான கைதான் போல என்று முதல்முறையாக நானே நம்ப ஆரம்பித்தேன்.

தை மாதம் அண்ணன் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார்.

"ஒங்க காட்டுச் சோளம் மாப்ள. ஒங்க பங்கு."

"எங்க காட்டுச் சோளமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். "நம்ம காட்டுச் சோளமா மச்சான்?"

"ஆமாங்கிறேன். பேய்மழை. பள்ளத்துக்காடு அம்புட்டுலயும் தண்ணி நின்னு வேர் அழுகிருச்சு. என் காட்டுல தட்டைகூட மிஞ்சல. மேடுங்கிறதால ஒங்க காடு தப்பிச்சிருச்சு."

"அதான விசயம்" என்றார் அவர்.

"விசயம் அதான். ஊரு கேக்கணுமே. கை மாறிப்போச்சுங்கிறாங்க. இப்ப ஒங்க மதினிதான் கைராசிக்காரி. அவ ஒரே அழுக. தன் காடு போச்சே, இனிமே எந்நாளும் இப்பிடித்தானான்னு. ஒன்னையக் கூட்டியாரச் சொன்னா தாயி. காடுதான் இப்ப வெளையுதே, வந்திருங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஊருக்குப் போகிற ஆசை அப்படியே தெரிந்தது. எனக்கும் அந்த நிமிஷம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறிவிடலாம் போல இருந்தது.

"நாங்க வந்தா, எங்க காட்டுல யாருண்ணே போடுறது?" என்றேன்.

"யாரு, மதினியே போடட்டும்."

"அவங்க போட்டு வெளஞ்சதா, நாங்க இல்லாததால வெளஞ்சதா?"

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். என் வீட்டுக்காரர் மூட்டை வாயைச் சுருட்டிக் கட்டினார். நிதானமாக, இறுக்கமாகக் கட்டினார். "வர்ற வருஷமும் ஒங்க வீட்டு அக்காவே போடட்டும் மச்சான். நாங்க இங்கயே இருக்கோம்" என்றார். "இவ வந்து ஒங்க காட்டுல மட்டும் ஒரு பிடி போட்டுட்டு வரட்டும்."

அப்படியே ஆனது. வருஷா வருஷம் புரட்டாசியில் பஸ் ஏறிப் போனேன். நான் மதினி காட்டில் போடுவேன், மதினி எங்கள் காட்டில் போடுவார். சில வருஷம் விளைந்தது, சில வருஷம் விளையவில்லை. எதற்கு எது காரணம் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

மூட்டை கொண்டுவந்த அன்று அண்ணன் கிளம்பும்போது, மதினிக்குக் கீரை கொடுத்து விடலாம் என்று முற்றத்து முருங்கையை வளைத்தேன். ஊன்றிய கொம்பு அதற்குள் என் தலைக்கு மேல் போய், கிளை தெரியாமல் இலை விட்டிருந்தது. "இங்கயும் கையக் காட்டிட்ட போல" என்றார் அண்ணன் சந்தோஷமாக. கீரையை உருவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஊரார் மண்ணுக்குத்தானே என் கை விளையும் என்றார்கள். இங்கே இவ்வளவு செழிப்பாக வந்திருக்கிறது என்றால், இது எங்கள் இடம்தானா?

"முருங்கைக் கொம்பு எங்க நட்டாலும் வரும், நீ கீரையப் பறி" என்றார் என் வீட்டுக்காரர்.

பறித்துக் கொடுத்தேன்.