கடிதத்தின் இரண்டாம் பக்கம்

பதினைந்து வயதிலேயே சனூஸாவின் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். அதனால்தான் வாப்பா அன்ஸார், பட்டாளத்தில் இருந்த மூத்த மகன் முனீபுக்குப் போடும் கடிதங்களை எல்லாம் அவளைக் கொண்டு எழுதுவித்தார். இப்போது அவளுக்கு நாற்பத்துநான்கு வயது. கிண்ணியாவில் பாலர் பாடசாலை ஒன்றில் சிறுபிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்குகிறாள். அந்தக் கடிதங்களில் ஒன்று மட்டும் இன்றும் அவளுக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வடக்குப் போர்முனையிலிருந்து நானா முனீப் எழுதியிருந்தான்.

"வாப்பா, இனி எனக்கு ஏலாது. நேத்து என்னோட படுத்திருந்தவன்ட காலைத் தேடிப் பொறுக்கிச் சாக்கில போட்டனான். கைய எத்தினை தரம் கழுவினாலும் மணம் போகுதில்ல. லீவு தரமாட்டாங்களாம். நான் வந்திடட்டா?"

அன்ஸார் நெல் வியாபாரி. தம்பலகாமத்திலிருந்து அவருடைய லொறி நகரத்துக்கு வர வழியில் ஆறு சென்றி, ஆறிலும் பட்டாளத்தின் சோதனை. மற்ற லொறிகளை மூட்டை மூட்டையாக இறக்கிக் குத்திப் பார்ப்பார்கள். இவர் மட்டும் சீருடையில் நிற்கும் மகனின் படத்தை நீட்டுவார்; தடை உயரும். போட்டிக்கு நின்றவர்கள் எல்லாம் நொடித்துப்போக, இவர் இரண்டாவது லொறி எடுத்தார்.

மகனுக்குப் பதில் சொல்லச் சொல்ல அவர் நண்டுக்கறியோடு சோறு தின்றுகொண்டிருந்தார். காலை உடைத்து உறிஞ்சுவார், ஒரு வரி சொல்வார், மறுபடி உறிஞ்சுவார். முதல் பக்கம் சுகம் விசாரித்து, பொறுமையாயிரு, கடமையைச் செய் என்று முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் அவர் சொன்னதை சனூஸா எழுதினாள்: "ஓடி வர நினைக்காதே. வந்தால் வீட்டுக் கதவு திறக்காது. நானே உன்னைக் கொண்டுபோய் ஒப்படைப்பேன். உன் பெயரில்தான் லொறி ஓடுகிறது என்பதை மறக்காதே."

குசினி வாசலில் நின்ற உம்மா, "பிள்ளைக்கு இப்பிடியா எழுதுற?" என்றார்.

"நீ கறியப் பாரு" என்றார் அன்ஸார்.

கடிதம் போன மூன்றாம் வாரம் முனீபின் முகாம் விழுந்தது. மூடி சீல் வைத்த சவப்பெட்டியும், அதனோடு அவனுடைய தகரப் பெட்டியும் வந்தன. தகரப் பெட்டிக்குள் வீட்டிலிருந்து போன கடிதங்கள் அத்தனையும் இருந்தன. சனூஸா அவற்றைத் தன் அலுமாரியில் வைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் நகரத்தில், ஓர்ஸ் ஹில் பகுதியில், ஓர் அமைப்பு போர்க்காலக் கடிதங்களுக்குக் கண்காட்சி வைத்தது. கடிதம் சேகரிக்க லோஜனா என்ற பெண் வீடு வீடாகப் போனாள். இவர்கள் வீட்டுக்கு வந்தபோது சனூஸா பாடசாலையில். அன்ஸாரே அலுமாரியைத் திறந்து, பார்த்துப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார்.

திறப்புவிழாவன்று அவர் அத்தர் பூசிக்கொண்டு முன்வரிசைக் கதிரையில் அமர்ந்தார். யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். "நாட்டுக்கு மகனைத் தந்த தகப்பன்" என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். அன்ஸார் கமராவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். அது காய்ந்த கண் என்பது சனூஸாவுக்குத் தெரிந்தது.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவளுடைய எழுத்து தொங்கியது. முதல் பக்கம் மட்டும்.

"வாப்பா, மற்றப் பக்கம் எங்க?"

"பழைய கடதாசி மகள். அடுப்புல போட்டுட்டன்." பொன்னாடையைச் சரிசெய்தபடி, "ஆக்கள் பார்க்கிறாங்க, சிரிச்ச முகமா நில்லு" என்றார்.

அத்தர் மணத்தில் சனூஸாவுக்கு ஓங்காளித்தது. வெளியே ஓடிப்போய் மதிலோரம் சத்தியெடுத்தாள். வாய் கழுவத் தண்ணீர் கொண்டுவந்த லோஜனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரு தாள் தாங்க பிள்ள. நான்தான் எழுதினனான். ஒரு சொல்லும் மறக்கல்ல."

லோஜனா தயங்கினாள். "ஓம் அக்கா, எழுதுங்கோ. ஆனா பிரதம விருந்தினர் போனாப்பிறகு போடுவமே? உங்கட வாப்பா ஹாஜியாருக்கும் ஒரு மாதிரியாப் போயிடும்."

"அவருக்கு ஒரு மாதிரியாப் போகத்தானே பிள்ள எழுதுறன்."

அங்கேயே, படிக்கட்டில் அமர்ந்து எழுதினாள். கீழே, "தகப்பன் சொல்ல, தங்கை நான் எழுதியது. நானும் மறுக்கவில்லை" என்று சேர்த்துக் கையெழுத்து வைத்தாள். அதைத் தானே கொண்டுபோய் முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஆட்கள் கூடினார்கள். ஒருவர் வாய்விட்டு வாசித்தார். அவர் நண்டு தின்றபடி சொன்னதை அதில் எழுத வழியில்லையே என்று மட்டும் அவளுக்கு இருந்தது.

அன்ஸார் வாசித்துவிட்டு, "இவளுக்குத் தலை சரியில்ல" என்று விருந்தினரிடம் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பொன்னாடையோடு ஓட்டோவில் ஏறிப் போனார்.

வீட்டில் அன்று பகல் சோற்றுக்கு வந்து அமர்ந்தார். சனூஸா சோற்றுக் கோப்பையை வைத்தாள், கறி ஊற்றவில்லை.

"அண்டைக்கு உம்மா நிண்ட மாதிரி நிண்டு பார்க்க என்னால ஏலாது வாப்பா. நீங்க தின்னுறதைக் கண்டாலே அருவருக்குது."

மூன்றாம் நாள் அவர் தம்பலகாமத்தில் இளைய மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கண்காட்சியிலிருந்து கடிதங்களைத் திருப்பி எடுத்துத் தரும்படி ஆள் அனுப்பினார். அவை நானாவின் பெட்டியில் வந்தவை, தரமாட்டேன் என்றாள். பெருநாளுக்காவது வாப்பாவைக் கூட்டிவா என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். அவள் போகவில்லை.