கஞ்சி நேரம்

பாண்டீஸ்வரன் மூணாறு எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவன். அம்மா குருவம்மாள் கொழுந்து கிள்ளினாள். தேயிலை ஃபாக்டரியில் வேலை நிரந்தரமாகாது என்றானதும் மலையிறங்கி, பாலக்காட்டில் ஒரு தனியார் ஆய்வகத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தான். இளகிய மனசுக்காரனுக்கு இதைவிடக் கேடுகெட்ட வேலை வாய்த்திருக்காது.

விண்வெளியில் எடையில்லாமல் மிதந்தால் உடம்பின் தெம்பு எவ்வளவு குறையும் என்று பார்க்க வேண்டுமாம். அதற்காக எலிகளை வாலில் பட்டை ஒட்டித் தொங்கவிடுவார்கள். முன்கால் தரையில் படும், பின்கால் படாது. இரண்டு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டு, எப்போது களைத்து நிற்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு கொன்று, கால் சதையை எடை போடுவார்கள். ஆராய்ச்சி கல்பாத்தி அக்ரஹாரத்துப் பெண் பவ்யாவுடையது. தொங்கவிடுவது பாண்டியின் வேலை.

எப்படியும் சாகப்போகிறவை, அதுவரையாவது காலூன்றி நிற்கட்டும் என்று அவனுக்குத் தோன்றியது. எஸ்டேட்டில் எப்பேர்ப்பட்ட கங்காணியும் கஞ்சி நேரத்தில் ஆளை விட்டுவிடுவான். அந்த வழக்கப்படி, தினமும் தான் மதியம் சாப்பிட உட்காரும்போது எலிகளையும் இறக்கிவிட்டான். யாரிடமும் கேட்கவில்லை. கஞ்சி நேரத்துக்குப் போய் யார் அனுமதி கேட்பார்கள்?

சோதனை நாளில், களைத்து விழ வேண்டிய எலிகள் ஜோராக ஓடின. பவ்யா குழம்பிப்போனாள். பாண்டிக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

“கஞ்சி நேரத்துல எறக்கி விட்டேன்ல மேடம், அதான் தெம்பா ஓடுதுக.”

“ஐயோ, என்ன காரியம் பண்ணினேள் பாண்டி! தொங்கியே கிடந்தாத்தானே கால் பலம் எத்தனை போறதுன்னு தெரியும்? அத்தனையும் வீணாப் போச்சே!”

அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பான். தானாக விட்டுப் போக மலைமேல் வேறு பிழைப்பு இல்லை. ஓடி ஜெயித்த எலிகளின் சதையை எடை போடக்கூட இப்போது யாருக்கும் தேவையில்லை. மூச்சடைத்துக் கொல்லும் வாயுப் பெட்டியில் வைத்து மூடச் சொன்னார்கள். மூடினான். அன்று அழுதான் என்று காவலாளி ஜோஸ் சொன்னார். அழுது என்ன? பாவம் பார்த்ததற்குப் பலன், மறுவாரமே அதே அளவு புது எலிகள் வந்து இறங்கின. அவன் சும்மா இருந்திருந்தால் அவை இங்கே வந்தே இருக்காது.

அவற்றையும் அவனே கட்டித் தொங்கவிட்டான். மதியம் ஆனது. பாண்டி தூக்குவாளியைத் திறந்தான். கூண்டுகளில் பின்கால்கள் தரையைத் தேடி உதறிக்கொண்டிருந்தன. இறக்கிவிட்டால் இன்னொரு கூட்டம் சாகும். அவன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான்.