முனிரத்தினத்தின் கால்கள்

பாகாலா ஸ்டேஷன் வாசலில் அந்த அஞ்சலி பேனரைப் பார்த்ததுமே, இதை இப்படியே விட்டுவிட்டுத் திருப்பதிக்கு ரயில் ஏறக்கூடாது என்று தோன்றுகிறது. நேற்று இறந்துபோன பழைய கால்பந்து வீரர் முனிரத்தினம், கையில் கிரிக்கெட் மட்டையோடு சிரிக்கிறார்!

அவருடைய ரசிகர்கள் மாலையும் கையுமாக நிற்கிறார்கள். ஆட்டோ ஓட்டும் குமார் ஸ்டூலில் ஏறி, மட்டைமேல் வெள்ளைத் தாள் ஒட்டுகிறார்.

“யாருண்ணா இப்படி அடிச்சது?”

“பிளெக்ஸ் கடைக்காரன்தான். பிளேயர்னு சொன்னேன், மட்டையச் சொருகிட்டான். கேட்டா, ‘ஏ ஆட்டைதே ஏமன்னா’ன்றான். எந்த ஆட்டமா இருந்தா இன்னாவாம்! இருபது வருசம் அந்தாளு காலையே பாத்துக்கினு கத்தினோம் தம்பி. அந்தக் காலு எங்க, பாரு!”

உண்மைதான். பேனர் இடுப்போடு முடிந்துவிடுகிறது. பந்தாட்டக்காரனை இடுப்போடு வெட்ட எப்படித்தான் கை வந்ததோ!

ஊர்வலத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. ரயில் போனால் போகட்டும். குமாரிடம் யோசனையைச் சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டியும் கறுப்புப் பெயின்ட்டும் வாங்கக் கிளம்புகிறேன். பேனருக்குக் கீழே வேட்டியைத் தைத்து, இரண்டு கால்களையும் ஒரு பந்தையும் வரைந்து பார்க்க வேண்டும். எனக்கு வட்டம்கூட ஒழுங்காக வராது.

“எடது காலு முன்னாடி வரணும் தம்பி!” என்று குமார் ஸ்டூலிலிருந்தே கத்துகிறார்.