தனக்கொடி கடையின் கடைசிப் பந்தி

செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டு மாட்டுச் சந்தைக்கு வருகிறவர்களில் வாங்காமலும் விற்காமலும் திரும்பிப் போகிறவன் சாமிக்கண்ணு ஒருவன்தான். ஒதியம்பட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி, வில்லியனூரைத் தாண்டி, விழுப்புரம் சாலையில் வண்டித் தடத்தை ஒட்டி நடந்து வருவான். வந்ததும் நேராகச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் நன்றாயிராது என்று மாடுகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றுவான். ஏதாவது ஒரு காளையின் வாயைப் பிளந்து பல் பார்ப்பான். விலை கேட்பான். கேட்ட விலையை யோசிப்பவன்போல் கொஞ்சம் நிற்பான்.

தரகன் மாரிமுத்து துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுகிறவன். சாமிக்கண்ணுவைக் கண்டால் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வான்.

"இவுரு மூணு வருசமா பல்லு பாக்கறாருபா. மாட்டுக்கே இவுர நல்லா தெரியும். இவுரு வந்தா அதுவே வாயத் தொறக்குது" என்பான்.

சாமிக்கண்ணுவும் சிரிப்பான். வெயில் உச்சிக்கு வந்ததும் சாலையோரம் இருந்த கீற்றுக் கொட்டகையைப் பார்த்து நடப்பான். அங்கே தனக்கொடி சோறு போட்டாள். தனக்கொடி அவன் பெண்சாதி.

கல்யாணமான புதிதில் அவர்களுக்கு ஒதியம்பட்டில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மாமியார், நாத்தனார் இல்லாத வீடு. களை எடுக்கும் நாட்களில் அவள் கேழ்வரகுக் கூழைச் சட்டியில் ஊற்றி எடுத்து வருவாள். வரப்பில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சட்டியில் குடிப்பார்கள். அவள் வெங்காயத்தைக் கடித்துக் கண்ணை இடுக்குவாள். பிழைப்புத் தேடிச் சைகோனுக்குக் கப்பலேறியபோது அவன் கொண்டு போனதில் கடைசிவரை தேயாமல் இருந்தது அந்த முகம்தான்.

சைகோனில் ஒரு செட்டியார் கிடங்கு வாசலில் காவல் வேலை. முதல் இரண்டு வருஷம் ஊருக்கு வருகிறவர்களிடம் பணமும் சேதியும் கொடுத்தனுப்பினான். பிறகு காய்ச்சல் வந்தது. வேலை போயிற்று. வேறு வேலை கிடைத்தபோது சொல்லியனுப்புவதற்கு வெட்கமாக இருந்தது. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்தை இன்னும் கஷ்டமாக்கியது. அப்படியே வருஷங்கள் போயின.

தகரப் பெட்டியோடு அவன் திரும்பி வந்தபோது ஒதியம்பட்டு வீட்டின் கூரை விழுந்திருந்தது. தனக்கொடி மதகடிப்பட்டில் அண்ணன் வீட்டுப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். கரும்பு வெட்டப் போனாள், நாற்று நடப் போனாள், பிறகு சந்தைக்காரர்களுக்குச் சோறு வடித்துப் போட ஆரம்பித்தாள் என்றார்கள். அவன் போய்க் கொட்டகை வாசலில் நின்றான். அவள் அழவில்லை, திட்டவில்லை. கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"பசியா இருந்தா கடைக்கு வா, சோறு போடறேன். வூட்டுக்கு வரமாட்டேன்" என்றாள்.

அவன் கூரையை வேய்ந்துகொண்டான். நிலத்தை மறுபடி வாரத்துக்குப் பிடித்தான். செவ்வாய்தோறும் கடைக்கு வந்தான்.

கொட்டகையில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை உட்காரலாம். ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி. இலையை அவரவர்தான் எடுத்துக்கொண்டு போய் வெளியே போடவேண்டும். கூடமாட ஒத்தாசைக்கு வள்ளியம்மாள் என்று ஒரு விதவை இருந்தாள். அவள் மந்தாரை இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவாள். பின்னாலேயே தனக்கொடி சோற்றோடு வருவாள். கடலோரப் பனித்திட்டுக்காரிகள் கூடையில் கொண்டுவரும் கருவாடு, கத்தரிக்காய் போட்ட குழம்பு. ஒரு கீரை. மிளகு தூக்கலாக ரசம். கடைசியில் மோர்.

சாமிக்கண்ணு அந்தச் சாப்பாட்டில் வேறு ஏதோ தேடினான். தன் இலையில் விழுந்தது தலைத்துண்டா நடுத்துண்டா என்று பார்ப்பான். பக்கத்து இலையையும் பார்ப்பான். சோறு ஒரே அளவாக இருக்கும். குழம்பு ஒரே அளவாக இருக்கும். நடுத்துண்டு ஒரு வாரம் அவனுக்கு வந்தால் மறு வாரம் அடுத்தவனுக்குப் போகும். அவள் யாரையும் ஏய்க்கவில்லை. அவனுக்கென்று ஒன்றும் ஒதுக்கவும் இல்லை. அந்த நேர்மைதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. காசைக் கொடுத்தால் மற்றவர்களிடம் வாங்குவதுபோலவே வாங்கி மடியில் முடிந்துகொள்வாள்.

சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரு உறவுமுறை இருந்தது. கிழவர்கள் மாமா, மாரிமுத்து அண்ணன், சின்னவர்கள் தம்பி. சாமிக்கண்ணுவை அவள் ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்னால் வந்து நின்று, "ரசமா, மோரா?" என்பாள். அவ்வளவுதான்.

அவனுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. அவள் உட்கார்ந்து சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து ஒரு தடவை பார்க்கவேண்டும். தானும் கூடச் சாப்பிடவேண்டும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருஷத்தில் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கூட அவன் பார்த்ததில்லை. சாப்பிட்டவன் எழுந்துவிடவேண்டும். அடுத்த பந்தி வாசலில் நிற்கும்.

மாட்டுப் பொங்கல் கழிந்த முதல் சந்தை. உழவுக்கு மாடு மாற்றுகிறவர்கள் நிறைய வந்திருந்தார்கள். கடையில் இடம் கிடைக்கவில்லை. சாமிக்கண்ணு ஒரு பந்தி முடியக் காத்திருந்து உள்ளே நுழைந்தான். வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில் மாரிமுத்து. வள்ளியம்மாள் இலை போட்டுக்கொண்டே வந்து, அவன் முன்னால் போடக் குனிந்தாள்.

"அங்க போடாத" என்று அடுப்பின் பக்கமிருந்து தனக்கொடி சொன்னாள். பிறகு, அவனைப் பார்க்காமல், "கொஞ்சம் இரு. எல்லாரும் போவட்டும்" என்றாள்.

மாரிமுத்து பிசைந்த சோற்றோடு திரும்பினான்.

"இன்னாபா, பல்லு பாக்கறவனுக்கு சோறு கெடையாதாம்."

வரிசை முழுவதும் சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல. மாரிமுத்துவே கொஞ்சம் நகர்ந்து, தன் இலையிலிருந்து ஒரு பிடி தருவதாகவும் சொன்னான். சைகோனில் ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த மெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் இருக்கிறவர்கள் முதலில் சாப்பிடுவார்கள். வேலை போனவன் சுவரோரம் காத்திருந்து, மிச்சம் இருந்தால் சாப்பிடவேண்டும். சமையற்காரன் வாயைத் திறக்க மாட்டான். கரண்டியால் சுவரைக் காட்டுவான். காய்ச்சலுக்குப் பிறகு சாமிக்கண்ணு அந்தச் சுவரில் நிறைய நாள் சாய்ந்து நின்றிருந்தான்.

அவன் எழுந்தான். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். தனக்கொடி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஆவியில் அவள் முகம் தெரியவில்லை. அவன் போனதை அவள் பார்த்திருக்கவும் முடியாது.

சாலைக்கு அந்தப் பக்கம் அப்துல் கனி பாயின் கடை. சந்தை நாளில் இடியாப்பமும் எலும்புக் குழம்பும் உண்டு. பாய்க்கு அவனை முகம் தெரியும்.

"இன்னா இங்க? அங்க கூட்டமா?" என்றார்.

"ஆமா" என்றான் சாமிக்கண்ணு.

பாய் தட்டை வைத்தார். அவன் வேகமாகச் சாப்பிட்டான். போதுமா என்று கேட்டபோது இன்னும் வைக்கச் சொன்னான். குழம்பு நன்றாக இருந்தது என்பது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. இனிமேல் செவ்வாய்க்கிழமை இங்கேதான் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் எதிர்க் கடையில் கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. மாரிமுத்து ஏப்பம் விட்டுக்கொண்டு போனான். வள்ளியம்மாள் தரையைத் துடைத்தாள். பிறகு தனக்கொடி வெளியே வந்து தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிழலில் இருந்த பானையில் நீர் மொண்டு கை கால் கழுவினாள். உள்ளே போய் ஒரு இலையைப் போட்டாள். அதற்கு எதிரே இன்னொரு இலையைப் போட்டாள். இரண்டுக்கும் தண்ணீர் தெளித்தாள். ஓரத்தில் மூடி வைத்திருந்த சட்டியைத் திறந்தாள்.

சாப்பாட்டுக் கடைகளில் வீட்டு ஆட்கள் எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனைக் காக்க வைக்க முடியாது. காத்திருக்கச் சொல்ல முடிவது வீட்டு மனிதனிடம் மட்டும்தான். விழுப்புரம் சாலையில் எந்தக் கடையிலும் இதுதான் முறை. சாமிக்கண்ணுவுக்கும் இது தெரியும். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவன் கையில் எலும்பு இருந்தது. அதைத் தட்டில் வைத்தான். கை கழுவினான், குழம்பின் எண்ணெய் போகவில்லை. சாம்பலைத் தொட்டு மறுபடி கழுவினான். சாலையைக் கடந்தான்.

தனக்கொடி வாசலைப் பார்த்து நின்றிருந்தாள். அவன் ஈரக் கையைப் பார்த்தாள்.

"சாப்ட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வயிறு வெடித்தாலும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். வருகிற வழியில் அவன் அப்படித்தான் நினைத்திருந்தான். ஆனால் அவள் அவன் வந்த பாய் கடைப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளிடம் சொல்லாமல் மறைத்த வருஷங்களே போதும் என்று தோன்றியது.

"சாப்ட்டேன்" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். சட்டியை மூடப் போனவள் மூடவில்லை. போட்ட இலையைச் சும்மா விட மாட்டார்கள்.

"வள்ளி, வா. வந்து குந்து" என்றாள்.

வள்ளியம்மாள் அவனையும் இலையையும் பார்த்துக் கூச்சப்பட்டாள். தனக்கொடி இன்னொரு தடவை கூப்பிட்டாள். வள்ளியம்மாள் உட்கார்ந்தாள். சட்டியில் கருவாடு இல்லை. மஞ்சளாக வஞ்சிரத் துண்டங்கள் இருந்தன. சந்தைக் கடையில் யாரும் வஞ்சிரம் போட மாட்டார்கள். சாமிக்கண்ணு கொஞ்ச நேரம் நின்றான். இரண்டு பெண்கள் சாப்பிடும் இடத்தில் ஒரு ஆண் நிற்பது முறையில்லை என்பதால் கிளம்பினான்.

அடுத்த செவ்வாய் அவன் பல் பார்க்கவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்து, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு போனான். தனக்கொடி ஒரு இலையைப் போட்டாள். சோறு சூடாக இருந்தது. அவனுக்கென்று கடைசிச் சோற்றை மறுபடி ஆவியில் வைத்திருப்பாள் போல. அவள் எப்போது சாப்பிடுவாள் என்று கேட்டான். தனக்கொடி அடுப்பைத் தணிக்கப் போய்விட்டாள். வள்ளியம்மாள்தான் பதில் சொன்னாள். இப்போதெல்லாம் கடை திறக்கும் முன்பே, விடியலில், பழையதைக் கரைத்து இருவரும் குடித்துவிடுகிறார்களாம். மத்தியானம் பசிப்பதில்லையாம்.

அவன் காசைக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் அவன் திங்கட்கிழமை மாலையே ஒதியம்பட்டிலிருந்து கிளம்பிவிட்டான். சந்தைத் திடலில் வண்டிக்காரர்களோடு படுத்தான். விடிந்தும் விடியாமலும் இருக்கையில் கொட்டகைக்குப் போனான். அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. இரண்டு பெண்களும் அலுமினியக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தனக்கொடி வெங்காயத்தைக் கடித்தாள். கண்ணை இடுக்கினாள்.

அவன் அங்கேயே நின்றுவிட்டான். வள்ளியம்மாள் மரியாதைக்கு எழுந்துகொண்டாள். தனக்கொடி எழவில்லை.

"கடை தொறக்க நேரமாவும்" என்றாள்.

"பசிக்குது."

"சோறு இன்னும் ஆவல. பழையதுதான் இருக்குது. அது விக்கறதுக்கு இல்ல."

"தெரியும். நான் காசு குடுக்க மாட்டேன்" என்றான் சாமிக்கண்ணு.

வள்ளியம்மாளுக்குச் சிரிப்பு வந்து, வெளியே போய்விட்டாள். தனக்கொடி சிரிக்கவில்லை. நிமிர்ந்து அவனை நன்றாகப் பார்த்தாள். அவன் சைகோனிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததில்லை. காதோரம் அவனுக்கு நரைத்திருந்தது. கால் முழுவதும் சாலைப் புழுதி. பானையைச் சாய்த்தாள். பருக்கை ஒன்றும் இல்லை, நீராகாரம்தான் இருந்தது. வள்ளியம்மாள் விட்டுப்போன கிண்ணத்தை அலம்பி அதில் ஊற்றினாள். உப்புக்கல்லைப் போட்டு விரலால் கலக்கி, தரையில், தனக்கு எதிரே வைத்தாள்.

அவன் உட்கார்ந்தான். குடித்தான். குடித்து முடித்துவிடக்கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். அவளும் தன் கிண்ணத்தில் இருந்ததைக் குடித்தாள். சாலையில் முதல் மாட்டு மந்தை வரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து விறகை இழுத்தாள்.

மத்தியானம் அவன் வழக்கம்போல வரிசையில் உட்கார்ந்தான். இலையில் சோறு எல்லோருக்கும் போல ஒரே அளவாக விழுந்தது. துண்டு, தலைத்துண்டு. பக்கத்து இலையை அவன் பார்க்கவில்லை. மாரிமுத்து ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சாப்பிட்டு எழுந்து காசை நீட்டினான்.

தனக்கொடி வாங்கி முடிந்துகொண்டாள். வெளியே அடுத்த பந்தி காத்திருந்தது.