‘நிறுத்துங்க’ என்று சொல்ல ஆண்டவர் எனக்கு வாய் கொடுத்தார்

விசுவாசத்தில் என்னோடு பிறந்தவர்களே, ஒரு பெண்ணின் முகம் கோணிப்போனதற்கு நான் காரணமாக இருந்தேன். கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதைத் தவிர, நாலு வருஷம் அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன்.

என் பெயர் சவரியம்மாள். சொந்த ஊர் அனுமந்தன்பட்டி. மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டுத் தேனியில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் ஐப்பசி மாதம், கம்பத்திலிருந்து சின்னத்தாயி என்ற பெண்ணை அவள் புருஷன் கூட்டிவந்தான். கல்யாணமாகி ஆறே மாதம். சிறு வயதிலிருந்து இடது காதில் சீழ். இப்போது காதுக்குப் பின்னால் வீங்கி, காதே முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. எலும்பைக் கொத்திச் சீழை எடுக்காவிட்டால் மூளைக்கு ஏறிவிடும் என்றார் டாக்டர்.

ஆபரேஷனில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். அதை டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

“காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள ஒரு நரம்பு போகுது, சவரி. நூல் கனம்தான். முகத்தை அசைக்கிறதே அதுதான். உளி அதுக்குக் கிட்டப் போனா கன்னமோ கண்ணோரமோ துடிக்கும். விரிப்பு மறைக்கிறதால எனக்கு அது தெரியாது. நீ விரிப்புக்கு அடியில உக்காந்து முகத்தையே பாரு. துளி துடிச்சாலும் ‘நிறுத்துங்க’ன்னு சொல்லு.”

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். மூக்கையும் வாயையும் மயக்கமருந்துத் துணி மூடியிருந்தது. கன்னமும் மூடிய கண்ணும் மட்டும் தெரிந்தன. தலைக்கு மேலே சுத்தியல் உளியைத் தட்டும் சத்தம். பாதி வேலை முடிந்திருக்கும். மயக்கமருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டர் கையிலிருந்து பாட்டில் நழுவியது. நான் திரும்பிப் பார்த்தேன். பாட்டில் உடையவில்லை. மறுபடி முகத்தைப் பார்த்தபோது கண்ணோரத்தில் ஏதோ ஓர் அசைவு அடங்கிக்கொண்டிருந்தது. குளத்தில் கல் விழுந்ததைப் பார்க்காமல் கடைசி அலையை மட்டும் பார்த்த மாதிரி.

துடித்ததா, என் கண்தான் ஏமாற்றியதா என்று தெரியவில்லை. சொன்னால் நான் வேறு எங்கோ பார்த்ததும் தெரிந்துபோகும். சொல்லலாமா வேண்டாமா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உளி இரண்டு முறை விழுந்தது.

அவள் உயிர் பிழைத்தாள். மயக்கம் தெளிந்ததும், “சிரி, தாயி” என்றார் டாக்டர். வலது பக்கம் மட்டும் சிரித்தது. இடது கன்னம் தொங்கியது. இடது கண் மூடவில்லை. “என் கைப்பிசகு” என்று டாக்டர் அவள் புருஷனிடம் சொன்னார். அவன் கும்பிட்டு, “உசுரக் குடுத்தீகளே, அது போதும்யா” என்றான். நான் கட்டுத்துணிகளை மடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

அவள் தூங்கும்போதும் அந்தக் கண் திறந்தே இருக்கும். மருந்து போட்டு, துணி வைத்துக் கட்ட வேண்டியவள் நான். கட்டுவதற்குக் குனிந்தால் தூக்கத்திலேயே என்னைப் பார்ப்பாள்.

ஊருக்குப் போனாள். அந்தக் கண் என்னை விட்டுப் போகவில்லை. பூசையில் முழங்காலில் நின்று கண்ணை மூடினால், உள்ளே அது திறந்திருக்கும். வார்டில் செத்தவர்களின் இமையை மூடிவிட்டு, மூடித்தான் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆசீர்வதித்து அனுப்பினார். சர்வேசுரன் மன்னித்தார் என்று விசுவசித்தேன். ஆனால் அந்தக் கண்ணுக்கு அந்தச் சேதி எட்டவில்லை.

நாலு வருஷம் போயிற்று. யுத்தத்துக்காகப் போடி ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்த சமயம். பெட்ரோல் இல்லாமல் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் நாள் முழுக்கக் குலுங்கி, சின்னத்தாயி மறுபடி வந்தாள். இந்தத் தடவை வலது காது. நெருப்பாய்க் காய்ச்சல், வாந்தி. புருஷன் தோளில் எட்டு மாதக் குழந்தை.

என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசும்போது வாயின் இடது ஓரம் ஒழுகியது.

“அக்கா, இந்தப் பக்கமும் கோணிருச்சுன்னா எம்புள்ளைக்கு ஒரு முத்தம் குடுக்க முடியுமா? அது என்னைப் பாத்துப் பயந்துருமேக்கா.”

நேராக டாக்டரிடம் போய், முகம் பார்க்க வேறு யாரையாவது வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

“யார் இருக்கா? இன்னொரு நர்ஸ் மலேரியாவுல கெடக்கறா. மதுரைக்கு அனுப்பினா வழியிலயே உசுரு போயிரும். நீதான் பாக்கணும்.”

துணி அடுக்கும் அறைக்குள் போய்ச் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டேன். அழுதேன். “சர்வேசுரா, ஒரு மணி நேரம் என் இமையைக் கல்லாக்கும். எனக்காக இல்லை, அந்தக் குழந்தைக்காக” என்று மன்றாடினேன். மாதாவிடமும் அதையே கேட்டேன். கேட்டது கண்ணைத்தான். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மறுபடி அதே ஸ்டூல். அதே சத்தம். இமைக்காமல் பார்த்துக் கண் எரிந்தது. நீர் கோத்தது. எவ்வளவு அடக்கியும் ஒரு முறை இமைத்துவிட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் கன்னத்தில் ஏதோ ஓடிய மாதிரி இருந்தது. துடிப்பா, என் கண்ணீரின் அசைவா, தெரியவில்லை. போன தடவை மாதிரியேதான். என் செபம் கேட்கப்படவில்லை என்று நினைத்தேன்.

அப்போது என் வாய் சொன்னது: “நிறுத்துங்க.”

சுத்தியல் நின்றது. “துடிச்சதா?”

“தெரியலைங்க. துடிச்ச மாதிரி இருந்துச்சு.”

“இந்த இடத்துல நரம்பு கெடையாது, சவரி. இன்னும் உள்ளே போகணும்.” சுத்தியல் மறுபடி மேலே போவது விரிப்பின் நிழலில் தெரிந்தது.

“நிறுத்துங்க டாக்டர். போன தடவையும் இதே மாதிரி பாத்தேன். நான் சொல்லலை.”

கம்பவுண்டர் மருந்து விடுவதை மறந்து நின்றார். டாக்டர் உளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரப் பஞ்சால் இரத்தத்தை ஒற்றி எடுத்தார். மழுங்கின கம்பியால் மெல்லத் தொட்டார். என் கண் முன்னால் அவள் கன்னம் துள்ளியது. இந்தத் தடவை சந்தேகமில்லை. சீழ் எலும்பை அரித்து, நரம்பு அங்கேயே மூடாமல் கிடந்திருக்கிறது. இன்னொரு தட்டு விழுந்திருந்தால் முடிந்திருக்கும். டாக்டர் அந்த இடத்தை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போய் வேலையை முடித்தார்.

மயக்கம் தெளிந்ததும், “கண்ண மூடு” என்றார். வலது கண் மூடியது. “பல்லைக் காட்டு.” வலது உதடு ஏறியது. நான் வெளியே போய் நின்றேன். டாக்டர் கை கழுவிவிட்டு வந்து, “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை.

தையல் பிரித்த அன்று சின்னத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அடுத்த இரண்டு நாளும் மருந்து போடப் போனால் முகத்தை மட்டும் காட்டுவாள்.

கிளம்பும்போது தானாகவே என்னிடம் வந்தாள்.

“எந்தலையெழுத்துன்னு இருந்துட்டேன். நீங்க சொன்னது நல்லதுதேன்.”

“எம்மேல கோவமா, ஆத்தா?”

“இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். போகப்போகப் பாப்போம்க்கா.”

பிரியமானவர்களே, அவளுக்கு என் மேல் கோபம் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கண் இப்போதும் வருகிறது. ஆனால் முன்போல நான் ஓடுவதில்லை. நின்று பார்க்கிறேன். நான் கண்ணைக் கேட்டேன், ஆண்டவர் வாயைக் கொடுத்தார். எனக்கு எது இல்லை என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவருக்கே தோத்திரம். அன்று முதல் சந்தேகம் வந்த இடத்தில் நான் மௌனமாக இருந்ததில்லை.

உங்களில் யாராவது சொல்லாத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் முழித்திருந்தால், அதையும் அவரிடம் கொண்டுபோங்கள். நீங்கள் கேட்டதையே தருவார் என்று நான் சொல்ல மாட்டேன். வெறுங்கையாய் அனுப்ப மாட்டார், அது நிச்சயம்.

செபத்தில் என்னை நினைக்காவிட்டாலும் சின்னத்தாயியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் கம்பத்தில் காற்று மண்ணை வாரி அடிக்கும். அவளுடைய இடது கண் இன்னும் மூடாது.