இடது கால் பிரேக்

பழைய புல்லட்டில் வலது காலுக்குக் கியர், இடது காலுக்குப் பிரேக். புது வண்டிகளில் அது அப்படியே தலைகீழ். மீசை முளைத்த நாளிலிருந்து பழைய புல்லட்டையே கட்டிக்கொண்டு அழுத மெக்கானிக்குக்கு இடது கால் பிரேக் மூச்சு விடுகிற மாதிரி. அதைப் போய் ஒருத்தனுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? தன் புது வண்டியைக் கொடுத்துவிட்டுப் புல்லட்டை மாற்றிக்கொண்ட பையன், பட்டறை வாசலிலிருந்து சரிவில் இறங்கிய பிறகுதான் அவருக்கு அது உறைத்தது.

"ஐயோ, பிரேக்குனு நெனச்சு கியரைல்ல மிதிப்பான்!"

"இங்க நின்னு பொலம்பினா ஆச்சா? போய்ப் பிடிங்க!" என்று மனைவி கத்தினாள்.

ஸ்டார்ட் செய்யக்கூட நேரமில்லை. புது வண்டியில் தாவி ஏறிச் சரிவில் விட்டார். கீழே சாலையை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது.

"தம்பி, இடது கால்! இடது கால்!"

லாரிக்குப் பின்னால் பையன் அலுங்காமல் நிறுத்திவிட்டுத் திரும்பிச் சிரித்தான்.

"தெரியும்ணே! எங்க அப்பாகிட்டயும் இதே வண்டிதான்!"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லாரி நெருங்கியது. பிரேக்கை ஓங்கி மிதித்தார், இடது காலால்.