எந்த ஊர்க் கறி?

அப்பாவின் டிபன் பாக்ஸ் ஒரு நாள் கழுவிச் சுத்தமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வேறு வீடாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எங்கள் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து, சாப்பிட்ட தட்டை ஒரு சாண் நகர்த்தி வைத்த மனிதர் கிடையாது அவர். அப்படிப்பட்டவர் டிபன் பாக்ஸைக் கழுவிக் கொண்டுவருவதாவது?

அப்போது எனக்கு ஒன்பது வயது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரையில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா இரண்டு தெரு தள்ளி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா பனியன்களை மூட்டையாக வாங்கி வந்து வீட்டிலேயே நூல் பிசிறு வெட்டுவாள். கத்தரிக்கோல் ஓடிக்கொண்டே இருக்கும், வாயும் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும். காய்க்காரரிடம் கத்தரிக்காய் எந்தத் தோட்டம், யார் பறித்தது, எப்போது பறித்தது என்று கேட்பாள். அந்த மனுஷன் எங்கள் வாசலுக்கு வந்தாலே வண்டியை வேகமாகத் தள்ளுவார்.

அன்றைக்கும் கேட்டாள். "பாக்ஸ யாரு கழுவினா?"

"நான்தான்" என்றார் அப்பா.

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?" என்று சொல்லிவிட்டு அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

அம்மா மூடியிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி மோந்து பார்த்தாள். எவர்சில்வர் எந்த ரகசியத்தையும் சொல்லாது, ரப்பர் சொல்லிவிடும். என் மூக்கிலும் கொண்டுவந்து வைத்தாள். கோழிக் கறி. சந்தேகமே இல்லை. காலையில் அம்மா கொடுத்துவிட்டது எலுமிச்சம்பழச் சாதம்.

மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும். இதற்கிடையில் அம்மா இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். கட்டிங் டேபிளில் நிற்கிறவர்கள் வீட்டுக்கு வரும்போது தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். அப்பா வந்தால் நான்தான் அதை ஊதிவிடுவேன். இப்போதெல்லாம் ஊதுவதற்கு ஒன்றுமே இல்லை. முகம் கழுவி, தலை சீவி, பளபளவென்று வந்தார். யாருக்காக இந்த அலங்காரம் என்று அம்மா என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் லைனுக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. கோழி கழுவுவதும் அங்கேதான், பஞ்சாயத்தும் அங்கேதான். அம்மா ரப்பர் வளையத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா உள்ளூர்க்காரர், நீட்டி முழக்கி மரியாதையாகப் பேசுவார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாகர்கோவில், வாய் கொஞ்சம் நீளம். சும்மா சொல்லக் கூடாது, கறி விஷயத்தில் இரண்டு பேருமே கில்லாடிகள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் லைனில் நின்று மூச்சை இழுத்தால், எந்த வீட்டுக்காரர் எந்த ஜில்லா என்று சொல்லிவிடலாம். அந்தக் கணக்கில்தான் அம்மா வளையத்தை அவர்களிடம் நீட்டினாள். கறி எந்த ஊர் என்று தெரிந்தால், சமைத்தவள் எந்த ஊர்க்காரி என்று தெரியும். ஊர் தெரிந்தால் ஆளைப் பிடிப்பது பெரிய வேலையா?

முதலில் வீட்டுக்காரம்மா மோந்தார். "ஏனம்மிணி, இது எங்கூர்க் கறி இல்லீங். நாங்க கோழிக்குப் பட்டை, கிராம்பெல்லாம் போடறதில்லீங். வரமொளகா, சின்ன வெங்காயம், தேங்காச் சில்லு. அவ்ளோதானுங். இதுல பட்டை வாசம் தூக்கலா இருக்குதுங்."

நாகர்கோவில் அக்கா வாங்கி மோந்தாள். "எக்கா, எங்க ஊருமில்ல கேட்டியளா. தேங்காண்ண மணமே இல்லியே. தேங்காய வறுத்து அரைக்காம வச்சதெல்லாம் ஒரு கறியாக்கா?"

"தேங்காயை அரைச்சா கோழி ருசி எங்கீங் தெரியும்? தேங்கா ருசிதானுங் தெரியும்" என்றார் வீட்டுக்காரம்மா.

"சில்லு சில்லா வெட்டிப் போட்டா மட்டும் தெரியுமோ? பல்லுல மாட்டும்."

அதோடு பேச்சு திசைமாறிப் போய்விட்டது. கோழியை எத்தனை தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதில் வந்து நின்றது. ஏழு தண்ணீர் என்றார் வீட்டுக்காரம்மா. மூன்றுக்கு மேல் கழுவினால் சக்கைதான் மிஞ்சும் என்றாள் அம்மா. மஞ்சளும் எலுமிச்சையும் போட்டால் ஒரே தண்ணீர் போதும் என்றாள் நாகர்கோவில் அக்கா. தோலை உரிக்கலாமா கூடாதா என்று இன்னொரு சுற்று. புருஷன் கைவிட்டுப் போகிறாரோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்த அம்மாவும், மல்லியைப் பச்சையாக அரைப்பவர்கள் மனுஷ ஜென்மமே இல்லை என்று கத்திக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நாகர்கோவில் அக்காதான் நினைவு வந்து மறுபடி மோந்தாள். "சோம்பு இருக்கு, அது உங்க பக்கம். பட்டை இருக்கு, அது பிரியாணிக்காரங்க. வரமொளகா இருக்கு, அது இவங்க பக்கம். எல்லாம் கலந்து கிடக்கே. இது எந்த ஊருக்கும் சேராத கறிக்கா."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. ஊர் பேர் தெரிந்த ஒருத்தியென்றால் போய்ச் சண்டை போடலாம். ஊரே இல்லாதவளை எங்கே போய்த் தேடுவது? அன்று மத்தியானம் பிசிறு வெட்டுகிறேன் என்று இரண்டு பனியனின் கழுத்தையே வெட்டிவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு, "நாம ரெண்டு பேரும் ஊருக்கே போயிருவோமாடி?" என்று கேட்டாள். எனக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது. ஊரில் எங்களுக்கென்று வீடுகூட இல்லை.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அப்பா கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது, அம்மா அவர் பையிலிருந்து டிபன் பாக்ஸை நைசாக எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பன்னிரண்டு மணிக்கு அதை என் கையில் கொடுத்தாள்.

"அப்பா மறந்துட்டுப் போயிட்டாருன்னு சொல்லு. கேட்டுல வாட்ச்மேன்கிட்ட குடுத்துறாத. அவர் கையில குடு. பக்கத்துல எவ நிக்கிறான்னு நல்லாப் பாத்துட்டு வா."

எவ்வளவு பெரிய பொறுப்பு! தெருவில் எதிரே வந்த பெண்களையெல்லாம் முறைத்துக்கொண்டே நடந்தேன்.

கம்பெனி வாட்ச்மேன் தாத்தா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "உங்கப்பா இங்க இல்லையே கண்ணு" என்றார். பிறகு என் கையிலிருந்த பாக்ஸைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் கட்டிங் மிஷின் வந்துச்சு சாமி. மாஸ்டருங்க நாலு பேர்த்தையும் நிறுத்திப்போட்டாங்க. பத்து நாளாச்சு. ஊட்டுல சொல்லலையா?"

எனக்கு மிஷினைப் பற்றி என்ன கவலை? பக்கத்தில் எவள் நிற்கிறாள் என்பதுதான் என் வேலை. மெயின் ரோட்டில் மரக்கடைக்கு அடுத்த மெஸ்ஸில் போய்ப் பார்க்கச் சொன்னார் தாத்தா.

மெஸ் வாசலில் கல்லாவில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தலை நிறையக் கனகாம்பரம், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. ஆஹா, மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் அந்த அம்மாள் திரும்பி ஒரு சத்தம் போட்டார்.

"ஏனப்பா, அந்த அண்டாவத் தேச்சாச்சா, இன்னும் ஊறுதா? சோத்துக்கு ஒலை வெக்கோணுமல்ல?"

"ஆச்சுங்கக்கா, ரெண்டே நிமிஷம்" என்று பின்பக்கம் ஒரு குரல் கேட்டது. அது அப்பாவின் குரல்.

எங்கள் வீட்டில் அப்பாவை யாரும் சத்தம் போட்டது கிடையாது. கம்பெனியில் அவர் சாக்பீஸ் கோடு போடும்வரை பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த அப்பா முழங்கால்வரை லுங்கியைத் தூக்கிக் கட்டி, தலையில் துண்டோடு, கரியேறிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மரக்கட்டையின் மேல் வெட்டிவைத்த கோழித் துண்டுகள் குவிந்திருந்தன. ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. பேட்டர்ன் அட்டை வைத்து வெட்டியதுபோல.

என்னைப் பார்த்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்து சோப்பு நுரை சொட்டியது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். இலை போட்டு, சோறு வைத்து, முழுசாக ஒரு லெக் பீஸ் வைத்தார். நான் கொண்டுபோன பாக்ஸைத் திறந்து அம்மாவின் தயிர்ச் சாதத்தை அவர் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, அண்டா தேய்த்த அதே நாரால் பாக்ஸைக் கழுவி என் கையில் கொடுத்தார்.

"அம்மாகிட்ட, அப்பாவக் கம்பெனியிலதான் பாத்தேன்னு சொல்றியா பாப்பா?"

லெக் பீஸ் தின்ற வாயால் முடியாது என்று எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டேன்.

குழாயடியில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். "குடுத்துட்டேன். கம்பெனியில" என்றேன். அம்மா என் கண்ணைப் பார்த்தாள். பிறகு என் வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். அடுத்த நொடி என்னைத் தரதரவென்று வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"யாருடி அவ?"

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னிடம் இருந்தது எவ்வளவு நல்ல சேதி! "பொம்பளையே இல்லம்மா!" என்று கத்தினேன். "கம்பெனியில மிஷின் வந்துருச்சாம். அப்பாதான் மெஸ்ல கோழி வெட்டறாரு, அண்டாவெல்லாம் தேய்க்கிறாரு. ஒரு அக்கா திட்டுனாங்க, அப்பா சரிங்கக்கான்னு சொன்னாரு."

அம்மா என்னைத் தூக்கிச் சுற்றுவாள் என்று நினைத்தேன். அவள் பனியன் மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாப்பிட்டாரா?"

"நீ குடுத்த தயிர்ச் சாதத்தைத்தான் சாப்பிட்டாரு. கறிய எனக்கு வெச்சாரு."

அம்மா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "கம்பெனி கேன்டீன்ல இப்ப கறி போடறாங்களாம்" என்றாள், நிமிர்ந்து நின்று.

"கேன்டீன் கறியா! அதான் ஒரு ஊருக்கும் சேரல" என்றாள் நாகர்கோவில் அக்கா. "நல்ல மனுஷனப் போயி சந்தேகப்பட்டுட்டீங்களே அம்மிணி" என்றார் வீட்டுக்காரம்மா, தான் சந்தேகப்படவே இல்லாததுபோல. நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் தோளில் நறுக்கென்று கிள்ளினாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். "இன்னைக்கு எக்ஸ்போர்ட் ஆர்டர். நின்னு நின்னு வெட்டி இடுப்பே விட்டுப்போச்சு" என்றார். அம்மா தைலத்தை எடுத்து வந்து இடுப்பில் தேய்த்துவிட்டாள். எந்த நாட்டு ஆர்டர், எத்தனை பீஸ் என்று அவள் கேட்கவில்லை.

சரி, சமயம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல எங்கள் வீட்டிலும் கோழி. மசாலாவில் கறியைப் போட்டு வதக்கிவிட்டு அம்மா சொம்புத் தண்ணீரை எடுத்தாள். அப்பா பாயில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: "தண்ணி ஊத்தாத. பிராய்லர் கறி தானாத் தண்ணி விடும். மூடி போட்டுச் சின்னத் தீயில வச்சிரு."

உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்று தெரியாதவர் என் அப்பா. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். போனைப் பார்த்தபடியே இருந்தார், ஆனால் விரல் நகரவில்லை.

அம்மா சொம்பைப் பிடித்தபடி நின்றாள். நான் அவள் வாயையே பார்த்தேன். கேளு, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேளு. காய்க்காரரை அந்தப் பாடு படுத்துகிற அம்மா இதை விடுவாளா?

"சரிங்க" என்றாள். சொம்பைக் கீழே வைத்தாள். மூடியைப் போட்டு, குனிந்து தீயைக் குறைத்தாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து, அப்பாவுக்குக் கொடுத்த வாக்கையும் மீறி, ஒன்றுவிடாமல் சொன்னேனே! நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அம்மா நம்பவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.